எழுதத் தடை போட்ட பக்கங்கள்

பி.காம். படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் நினைவகத்தில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்கத்தான் போகிறார்கள். நண்பன் ஒருவன் தன் லேப்டாப்பில் விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸை ஓட்டிக் காட்டினான். ஒன்றின் நினைவகத்தில் மற்றது கை வைக்காமல் இருப்பது எப்படி என்று தேடியதில் கிடைத்த கதை இது. உள்ளே போனால் எல்லாம் கணக்குப் புத்தகச் சமாச்சாரம்தான், அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு :-)

இந்த வித்தை புதிதல்ல. 1960களில் ஒரு கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டாக வேண்டிய நிலை. ஐபிஎம்மின் சிபி-67 ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் இருப்பது போலக் காட்டியது. 1972-ல் விஎம்/370 வந்தது. 1974-ல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் இதற்கு எப்படிப்பட்ட பிராசஸர் வேண்டும் என்று இலக்கணம் எழுதினார்கள். பிறகு மேசைக்கு மேசை பிசி வந்ததும் தேவை குறைந்தது. பிசியின் எக்ஸ்86 சிப் அந்த இலக்கணத்துக்கு அடங்கவும் இல்லை. முடியாது என்றே பலரும் விட்டுவிட்டார்கள்.

1998-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மெண்டல் ரோசன்ப்ளம், அவர் மனைவி டயான் கிரீன், இன்னும் மூவர் சேர்ந்து விஎம்வேர் தொடங்கினார்கள். அடுத்த வருடமே எக்ஸ்86-ல் ஓட்டிக் காட்டினார்கள். எப்படி? எங்கள் டெல்டா பாஷையில் சொல்கிறேன்.

உள்ளே ஓடும் லினக்ஸ் ஒரு குத்தகைக்காரர். ஆனால் தன்னை மிராசுதார் என்று நம்புகிறார். எந்த வயல் எங்கே என்று அவரே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதுதான் பக்க அட்டவணை. 4096 பைட் ஒரு பக்கம். நிஜக் கணக்கு கர்ணத்திடம் இருக்கிறது; பிராசஸர் பார்ப்பது அதைத்தான். இதற்கு நிழல் அட்டவணை என்று பெயர். (கர்ணம் பதவி 1980-லேயே ஒழிந்து வி.ஏ.ஓ. வந்துவிட்டார். உதாரணத்துக்குப் பழைய ஆளே இருக்கட்டும்.)

குத்தகைக்காரர் சொல்லாமல் நோட்டைத் திருத்தினால்? இரண்டு கணக்கும் பொருந்தாது, அடுத்தவர் வயலில் நாற்று நட்டுவிடுவார். அதனால் அவர் நோட்டையே "படிக்கலாம், எழுதக்கூடாது" என்று பூட்டிவிட்டார்கள். அவர் பேனாவை வைத்ததும் பிராசஸர் கூப்பாடு போடும். கர்ணம் ஓடி வந்து இரண்டிலும் பதிந்துவிட்டுப் போவார். குத்தகைக்காரருக்கு எதுவுமே தெரியாது!

ஓடி ஓடிக் கர்ணத்துக்குக் கால் வலித்தது, அதாவது வேகம் குறைந்தது. 2003-ல் கேம்பிரிட்ஜில் உருவான ஸென் உண்மையைச் சொல்லிவிட்டது: நீ குத்தகைக்காரன்தான், மாற்றம் வேண்டுமானால் மனு கொடு. 2007, 2008-ல் ஏஎம்டியும் இன்டெலும் இரண்டு கணக்கையும் சேர்த்துப் படிக்கும் வசதியை சிப்பிலேயே கொடுத்தார்கள். பூட்டுக்கு அந்த வேலை போயிற்று.

வேறு வேலை இருந்தது. பத்து விண்டோஸ் ஓடினால் ஒரே மாதிரி பக்கங்கள் ஏராளம். ஒன்றை மட்டும் வைத்து எழுதத் தடை போட்டுப் பகிரலாம். யாராவது எழுதினால் அவருக்கு மட்டும் தனி நகல். விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல் இதை விளக்கி எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம்.

ஆனால் நகல் எடுக்க ஒரு நொடியின் துளி நேரம் கூடுதலாகும். அதை அளந்தே, பக்கத்து இயந்திரத்திலும் அதே பக்கம் இருக்கிறதா என்று ஊகிக்கலாம். ரகசியச் சாவி வரை கசியலாம் என்று ஆய்வாளர்கள் காட்டியதும், 2014 கடைசியில் இயந்திரங்களுக்கிடையே பகிர்வதை விஎம்வேரே நிறுத்தி வைத்தது. வேண்டுகிறவர்கள் தாங்களாகத்தான் இயக்கிக்கொள்ள வேண்டும்.