சுள்ளியிலிருந்து மரத்தூள் வரை: ஜேர்மனியில் வீட்டு வெப்பத்தின் வரலாறு

குளிர்நாட்டு மக்களுக்கு விறகு சமையலுக்குரிய பொருள் மட்டுமன்று. மாரிகாலத்தில் உயிர்காக்கும் சாதனமுமாகும். வீட்டைச் சூடாக்க விறகை எரிப்பதா, மரத்தூளை அழுத்திச் செய்யப்படும் 'பெல்லற்' என்னும் சிறு குறுணைகளை எரிப்பதா மேலானது என்ற வினா, பெரும்பாலும் வெப்பத்தையும் புகையையும் கொண்டே ஆராயப்படுகின்றது. எரிபொருள் யாருடைய கைவசம் இருந்தது என்பதும் ஆராயப்படல் வேண்டும். ஜேர்மனியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

காட்டில் விழுந்த சுள்ளிகளைப் பொறுக்குதல் அந்நாட்டு ஏழைகளின் வழக்குரிமையாக நெடுங்காலம் நிலவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரம் சந்தைப் பண்டமாகப் பெறுமதி பெற்றபோது, காட்டுடைமையாளர் அவ்வுரிமையைக் களவென வரையறுக்க முற்பட்டனர். 1836இல் பிரசியாவில் தொடரப்பட்ட ஏறத்தாழ 2 இலட்சம் வழக்குகளுள் ஏறத்தாழ 1½ இலட்சம் மரத்திருட்டு முதலான வனக்குற்றங்கள் பற்றியனவே. றைன் மாகாணசபையில் இதுபற்றி நிகழ்ந்த விவாதத்தை, 24 வயதினரான கார்ல் மாக்ஸ் 1842இல் கொலோன் நகரப் பத்திரிகையொன்றிற் கண்டித்தெழுதினார். மரத்தினின்று பிரிந்து வீழ்ந்த சுள்ளி மரத்துக்குடையவனின் உடைமையன்று என்பது அவர் வாதம். பொருளியற் பிரச்சினைகளின்பால் தம்மைத் திருப்பியவற்றுள் இவ்விவாதமும் ஒன்றென 1859இல் அவரே குறிப்பிட்டார்.

பின்னர் நிலக்கரியும், அதன்பின் எண்ணெயும் எரிவாயுவும் விறகைப் பின்தள்ளின. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி மேலைநாடுகளின் கவனத்தை மீண்டும் மரத்தின்பால் ஈர்த்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜேர்மனிய வீடுகளிற் பெல்லற் பரவலாயிற்று. மரஅரிவு ஆலைகளிற் கழிவாகும் தூளைச் சூட்டுடன் அழுத்தும்போது, மரத்திலுள்ள லிக்னின் இளகிப் பசைபோல் அதனைப் பிணைக்கின்றது. விறகைப் பிளந்து, ஈரம் நூற்றுக்கு 20க்குக் கீழே குறையும்வரை ஓரிரு ஆண்டுகள் உலர்த்த வேண்டும். பெல்லற்றின் ஈரமோ நூற்றுக்கு 10ஐத் தாண்டுவதில்லை. அது சீராக எரியும், புகை குறைவு, கருவியே அதனைத் தேவைக்கேற்ப ஊட்டும். முதியோர்க்கும் நேரமற்ற தொழிலாளர்க்கும் இது பெரும் நன்மையே. ஆயினும் அக்கருவிக்கு மின்சாரம் வேண்டும். பெல்லற்றைச் சந்தையிலேயே வாங்கவும் வேண்டும்.

இச்சார்பு 2022இல் வெளிப்பட்டது. ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபின் எரிவாயு வரவு குன்றியது. ரஷ்ய மர இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. மக்கள் எரிபொருளைச் சேமிக்க விரைந்தனர். அவ்வாண்டிலேயே ஜேர்மனியிற் பெல்லற்றின் விலை இரு மடங்குக்கு மேலாயிற்று. விறகின் விலையும் உயர்ந்தது. ஆயினும் சொந்தக் காடுடையோரும், அனுமதிச்சீட்டுப் பெற்றுத் தாமே மரம் சேகரிப்போரும் அவ்விலையேற்றத்தால் அத்துணை பாதிக்கப்படவில்லை.

சுள்ளி காட்டின் கழிவு; மரத்தூள் ஆலையின் கழிவு. இரண்டும் விலைபெற்ற கணத்திலேயே உடைமையாயின. எனவே தொழினுட்பச் சிறப்பை மட்டும் கொண்டு எரிபொருளை மதிப்பிடுதல் போதாது. வறியவர் வீட்டின் கணப்பு அணையாதிருக்குமா என்பதே அதன் இறுதி உரைகல்லாகும்.