கோல் ஏந்திய கலைஞர் ஸுபின் மேத்தா

கண்டக்டர் என்றவுடன் நம்மிற் பலருக்குப் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவரே நினைவுக்கு வருவார். மேனாட்டு இசையிலோ அச்சொல் குறிப்பவர் வேறு. நூறு வாத்தியக்காரர்களுக்கு முன்னே சிறு கோலுடன் நிற்பார். தாம் ஓர் ஒலியும் எழுப்பார். எனினும் எவர் எப்பொழுது தொடங்குவது, எங்கே உரத்து ஒலிப்பது, எங்கே அடங்குவது என்பன யாவும் அவர் கையசைவில் உள்ளன. நமது கச்சேரியில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் கண்ணாலேயே பேசிக்கொள்வர். நால்வருக்கு அது போதும், நூற்றுவருக்குப் போதாது. ரயில்வேக்காரனாகிய எனக்குப் பச்சைக் கொடி பிடிக்கும் கார்டுதான் உவமையாகத் தோன்றுகிறார். அவர் எஞ்சினை ஓட்டுவதில்லை. அவர் கொடி அசையாமல் வண்டியும் நகர்வதில்லை.

இத்துறையில் உலகப் புகழ் எய்திய இந்தியர் ஸுபின் மேத்தா. 1936 ஏப்ரல் 29ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் மெஹ்லி மேத்தா வயலின் வித்வான். 1935இல் பம்பாய் ஸிம்பொனி வாத்தியக் குழுவைத் தோற்றுவித்தவர். மேலும் கற்க வேண்டுமென்று 1945இல் நியூயார்க் சென்று, சில ஆண்டுகள் மனைவி மக்களைப் பிரிந்து வாழ்ந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம்மவருக்கு இப்பிரிவின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மகன் டாக்டராக வேண்டும் என்பதே வீட்டாரின் எண்ணம். அவரோ மருத்துவத்திற்கான படிப்பை நடுவில் விட்டு, 1954இல் தமது பதினெட்டாம் வயதில் வியன்னாவுக்குச் சென்றார். ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்னும் ஆசானிடம் பயின்றார். பெரியோர் நடத்தும் ஒத்திகைகளைக் காண அயலாருக்கு அனுமதியில்லை. ஆகவே அவரும் உடன் பயின்ற கிளாடியோ அப்பாடோவும் பாடற் குழுவிற் சேர்ந்துகொண்டனர். வாய் பாட, கண் முழுவதும் கோல் பிடித்தவர் கையிலேயே இருந்தது! குருகுலத்தில் கேள்வி ஞானம் என்போமே, அஃது இதுவன்றோ?

1958இல் லிவர்பூல் போட்டியில் முதற் பரிசு பெற்றார். பின்னர் மான்ட்ரியல், லாஸ் ஏஞ்செல்ஸ் என வளர்ந்து, 1978 முதல் 1991 வரை நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவை நடத்தினார். 1977 முதல் 2019 வரை இஸ்ரேல் குழுவின் இசை இயக்குநராக விளங்கினார். 1994இல், போரால் முற்றுகையிடப்பட்டிருந்த ஸரயேவோ நகரில், இடிந்து கிடந்த நூலகத்தினுள் நின்று மொஸார்ட்டின் இரங்கலிசையை நடத்தினார். பதவிகள் எல்லாவற்றினும் இதனையே யான் பெரிதாக எண்ணுகிறேன்.

2001இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் அவர் கற்றதும் வளர்ந்ததும் அயல்நாட்டில் என்பதை மறைத்தல் தகாது. முழுநேர இந்திய ஸிம்பொனிக் குழு மும்பையில் அமைந்ததே 2006இல்தான். அவரோ இந்தியக் குடியுரிமையை விடவில்லை. வெளிநாட்டு விருந்துகளுக்கும் சட்டைப் பையில் மிளகாய் எடுத்துச் செல்வாராம்.

நமக்கு நெருங்கிய செய்தியும் ஒன்று உண்டு. 1985இல் நியூயார்க் குழு, வேத கோஷத்தைத் தழுவிய ஒரு படைப்பை மேத்தாவின் தலைமையில் வாசித்தது. அதனை இயற்றியவர் வயலின் வித்வான் எல். சுப்பிரமணியம். இளமையில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, 1958இல் குடும்பத்துடன் அங்கிருந்து வெளியேறிச் சென்னை வந்த தமிழர். மேத்தா கைவிட்ட மருத்துவப் படிப்பை இவர் சென்னையில் முடித்துப் பட்டமும் பெற்றார். பிறகே இசையை முழுத் தொழிலாகக் கொண்டார். பிற்காலத்தில் அவர் குடியேறியது நமது பெங்களூரிலேயே.