புற்றுநோய்ப் பதிவேடு (தமிழ்நாடு)

ஓர் எல்லைக்குள் குடியிருப்பவர்களில் ஆண்டுதோறும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர் எத்தனை பேர் என்று விடாமல் எழுதிவரும் கணக்கே மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு. மருத்துவமனைக் கணக்கை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். மருத்துவமனை தன் வாசலுக்கு வந்தவரை எண்ணும். பதிவேட்டுக்கு அவர் எந்த ஊர் என்பதுதான் முதல் கேள்வி. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைக்காரர் ஒருவர் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை பெற்றாலும் சென்னைக் கணக்கில் சேரமாட்டார். அதற்கு ஓராண்டாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் சென்னை உறவினர் வீட்டு முகவரி இருந்தால் பதிவேட்டு ஊழியர் விசாரித்துச் சொந்த ஊரைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதே ஆள் திருச்சியிலும் பயாப்சி எடுத்து, அங்கே பெயரின் முன்னெழுத்து மாறியிருந்தால் ஒரு நோய் இரண்டாகிவிடும். பதிவேட்டு வேலையில் பெரும்பகுதி இந்தத் துப்பறிதல்தான்.

நாடு முழுவதையும் இப்படி எண்ணத் தொடங்கிய முதல் நாடு டென்மார்க், 1942இல். இந்தியாவில் பம்பாய்ப் பதிவேடு 1963இல் தோன்றியது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியத் திட்டத்தை அமைத்தபோது பெங்களூரும் சென்னையும் சேர்ந்தன. சென்னையின் பொறுப்பு அடையாறு நிலையத்துக்கு வந்தது. அந்த நிலையம் 1954இல் உருவாகக் காரணமான முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆனால் மாநிலம் முழுவதற்குமான பதிவேடு வந்த 2012 வரை அவருடைய ஊர் எந்தக் கணக்கிலும் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுப் புற்றுநோய் என்று பேசப்பட்டது பெரும்பாலும் சென்னைப் புற்றுநோய்தான்.

எண்ணுவதற்குச் செலவிடும் பணத்தில் வைத்தியம் பார்க்கலாமே என்பார்கள். நியாயமான கேள்விதான், திண்டுக்கல் அதற்குப் பதில் தருகிறது. அங்கே 2000இல் தொடங்கிய ஆய்வில், கிராமப் பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்த்தே நோய்க்குறி கண்டறியப்பட்டது. பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் அறிவித்தார்கள். யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதை அதே மாவட்டத்து அம்பிளிக்கையிலிருந்து இயங்கிய பதிவேடு தொடர்ந்து எழுதிவராவிட்டால் இந்தக் குறைவு யார் கண்ணிலும் பட்டிருக்காது. மலிவான வைத்தியம் பலிக்கிறது என்று நிரூபித்ததே அந்தக் கணக்குதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கிராமத்தில் நோய் என்னவென்று தெரியாமலே வீட்டில் இறப்பவர் உண்டு. இறப்புப் பதிவில் 'முதுமை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்படியானால் சென்னையைவிடக் கிராமப்புறத்தில் விகிதம் குறைவு என்பதை எப்படி நம்புவது? முழுக்க நம்ப முடியாது என்பதே நேர்மையான பதில். வாழ்க்கைமுறையால் வந்த குறைவையும் பரிசோதனைக் கூடம் தொலைவில் இருப்பதால் தோன்றும் குறைவையும் ஒரே எண்ணுக்குள்ளிருந்து பிரிப்பது கடினம். அதனால்தான் நுண்ணோக்கியில் உறுதியானவை எத்தனை, இறப்புச் சான்றிதழால் மட்டும் தெரியவந்தவை எத்தனை என்பதையும் பதிவேடுகள் விகிதத்தோடு சேர்த்தே வெளியிடுகின்றன. புதுக்கோட்டை எண்ணைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு பத்திகளை.