நாணலும் நேட்டாலும்

சாரல் காலத்தில் குற்றாலத்திலிருந்து தென்காசிக்குச் சிற்றாற்றின் கரையை ஒட்டி நடந்து வருவது என் நெடுநாளைய வழக்கம். ஒருமுறை அவ்வாறு வருகையில், கரையில் அசைந்த நாணலைப் பார்த்து நின்றேன். "இந்தப் புல்லில் என்ன ஐயா இருக்கிறது?" என்று நகைத்தார் உடன் வந்த உழவர். அவர் வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் கரும்பு பயிரிடுபவர். "உம் வயலில் என்ன இரகம்?" என்று கேட்டேன். "கோ 86032" என்றார். அந்தக் 'கோ' கோயம்புத்தூரைக் குறிக்கும் என்பதையும், அக்கரும்பின் மூதாதையருள் நாணலும் ஒன்று என்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை. அன்று அவரிடம் கூறியதையே இன்று உங்களிடமும் கூறுகிறேன்.

1860 நவம்பர் 16ஆம் நாள், 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம் மக்கள் அவர்கள். ஆளுக்கோர் எண் தரப்பட்டது. பதிவேட்டில் ஊரும் பெயரும் இருந்தாலும், தோட்டத்தில் அவர்கள் கைகளே வேண்டப்பட்டன. 1911இல் அவ்வாட்சேர்ப்பு நின்றது.

அடுத்த ஆண்டு, 1912இல், கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே பார்பர் துரையும் அவருக்குத் துணையாயிருந்த தி. சா. வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் இன்கரும்பை நாணலோடு கலந்தனர். கரும்பு இனிமையைத் தந்தது; நாணல் வறட்சியையும் நோயையும் தாங்கும் உறுதியைத் தந்தது. அவ்வாறு பிறந்த கோ 205, 1918இல் உழவர் கைக்கு வந்தது. 1919இல் பார்பர் விலகியபின் வெங்கட்ராமனே பணியைத் தலைமேற்கொண்டு, 1942 வரை நடத்தினார்.

நேட்டாலிலோ, 'ஊபா' என்னும் ஒரே கரும்பை நம்பியிருந்த தோட்டங்கள் கீற்று நோயால் நலிந்தன. 1930களில் கோ 281, கோ 290 முதலியவை அங்கே சென்று ஊபாவின் இடத்தைப் பிடித்தன. நேட்டாலின் குளிரில் கரும்பு நல்ல விதை கொடுப்பது அரிது. ஆதலின் கோ 421, கோ 312 என்னும் இரண்டையும் கோயம்புத்தூரில் கலந்து, விதையை அங்கு அனுப்பினர். மவுண்ட் எட்ஜ்கோம்பு நிலையத்தார் அந்நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்ததே என்-கோ 310. 'என்' நேட்டால், 'கோ' கோயம்புத்தூர். 1945இல் வெளிவந்த அவ்விரகம், பின்னர்த் தைவான் போன்ற நாடுகளிலும் பரவியது.

நம் மக்களுக்கும் எண் இட்டார்கள். நம் கரும்புக்கும் எண் இட்டார்கள். கரும்பின் எண்ணோடு அது பிறந்த ஊரின் எழுத்தும் எங்கும் சென்றது. அந்த மக்களின் ஊர்களை யார் நினைத்தார்கள்? வெங்கட்ராமனுக்கு 1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஆப்பிரிக்க மண்ணில் அந்தக் கரும்பை வெட்டிய நம்மவர் கைகளுக்கும் அந்தப் புகழில் பங்குண்டு என்பதே என் எண்ணம்.

நான் பேசி முடித்ததும் உழவர் ஒரு நாணல் தண்டைப் பறித்து, நுனியைக் கடித்துப் பார்த்தார். "இனிப்பே இல்லையே, ஐயா" என்றார். "இல்லைதான், உம் கரும்பு நோயைத் தாங்கி நிற்பதில் இதற்கும் பங்குண்டு" என்றேன்.