குதிரைக்குத் தடை, ஆளுக்கு அனுமதி

1968 மே மாதம் கென்டக்கி டெர்பியில் முதலாவதாக ஓடி வந்த குதிரையின் பெயர் டான்சர்ஸ் இமேஜ். வயது மூன்று. பந்தயம் முடிந்து எடுத்த சிறுநீரில் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து இருந்தது. கணுக்கால் தொந்தரவுக்காகச் சில நாள் முன்பு கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்து அது. முதல் பரிசு பறிபோய், இரண்டாவதாக வந்த ஃபார்வர்டு பாஸுக்குச் சேர்ந்தது. குதிரையின் சொந்தக்காரர் பீட்டர் ஃபுல்லர் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தும் பலிக்கவில்லை.

அதே மருந்தைத்தான், அந்தப் பந்தயத்துக்கு இரண்டே ஆண்டு முன்பு வரை, அமெரிக்காவின் தலைசிறந்த பேஸ்பால் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் விழுங்கிக்கொண்டிருந்தார். எறியும் கையின் முழங்கையில் மூட்டுவாதம். கோடீன், பந்தயக் குதிரைகளுக்குத் தரும் அந்த மாத்திரை, தோளிலும் கையிலும் எரியும் தைலம், ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் கை. இப்படியே 1966இல் 27 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில், 30 வயதில், போதும் என்று விலகிவிட்டார். அவரிடம் யாரும் பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை.

குதிரை மேல் கருணை இருந்ததால் பந்தயத்தில் அந்த மருந்துக்குத் தடை வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். குதிரை மேல் பணம் கட்டுகிறவன் ஏமாறக் கூடாது, அதுதான் கணக்கு. ஆட்டக்காரன் விவரம் தெரிந்தவன், அவன் உடம்புக்கு அவனே பொறுப்பு என்று மற்ற விளையாட்டுகள் ஒதுங்கிக்கொண்டன. 1978இல் போர்ட்லண்ட் கூடைப்பந்து அணியின் பில் வால்டன், 25 வயது, கால் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் பாத எலும்பு முறிந்திருந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை.

ஊசிக்காவது மருத்துவர் வேண்டும். அந்தத் தடையையும் நீக்கியது இபுப்ரோஃபென். நாட்டிங்ஹாமில் பூட்ஸ் கம்பெனியின் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த மருந்து. பிரிட்டனில் 1969இல் மருத்துவர் சீட்டோடு கிடைத்தது. 1983இலிருந்து சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்றானது. விளையாட்டுப் பையில் ஷூ, சாக்ஸோடு ஓர் அட்டை மாத்திரையும் சேர்ந்துகொண்டது. வலி வந்த பிறகு போடுவது போய், வலி வரக்கூடும் என்பதற்காக முன்கூட்டியே போடும் பழக்கம் வந்தது. இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான்.

அந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலைமை மருத்துவராக இருந்த யிர்ஜி துவோராக். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு வீரர்கள் உட்கொண்ட மருந்துகளை அணி மருத்துவர்களிடமே எழுதி வாங்கினார். 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் 39 சதவீத வீரர்கள் எல்லா ஆட்டத்துக்கும் முன்பு வலி மாத்திரை போட்டிருந்தார்கள். அதைவிட உறுத்துவது சிறுவர் கணக்கு. 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளிலேயே ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஆட்டத்துக்கு முன்பு மாத்திரை போட்டுக்கொண்டார். மூத்தவர்களைப் பார்த்து இளையவர்கள் செய்கிறார்கள் என்பது துவோராக்கின் கவலை. அவன் உடம்புக்கு அவனே பொறுப்பு என்ற வாதத்தைப் பள்ளிப் பையனிடம் எப்படிச் சொல்வது?

உடம்புக்குள் நடப்பது இதுதான். இந்த மாத்திரைகள் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றன. ஆனால் உடலில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் காப்பதும் அதே பொருள்தான். 90 நிமிடம் வியர்வை கொட்ட ஓடுகிறவனுக்கு அந்தக் காவல் மிகத் தேவைப்படும் வேளையில் அது இல்லாமல் போகிறது. இந்த வகை மருந்துகளில் ஒன்றான டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று இந்தியாவுக்கு வேறொரு வழியில் தெரியும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது.

குரோஷியக் கால்பந்து வீரர் இவான் கிளாஸ்னிச் ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் அணிக்கு ஆடியவர். 2005இல் குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் அவருடைய சிறுநீரகங்கள் பழுதானது தெரியவந்தது. 2007 ஜனவரியில் தாய் கொடுத்த சிறுநீரகத்தை உடல் ஏற்கவில்லை. மார்ச்சில் தந்தை கொடுத்ததை ஏற்றது. மறு ஆண்டே யூரோ கோப்பையில் இறங்கி, துருக்கிக்கு எதிராக 119ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். செய்தித்தாள்களுக்கு அது அற்புதம். ரத்தப் பரிசோதனை எச்சரித்தும் வலி மருந்தைத் தொடர்ந்தார்கள் என்று அணி மருத்துவர்கள் மேல் அவர் தொடுத்த வழக்கு, 2020இல் சமரசத்தில் முடியும் வரை பன்னிரண்டு ஆண்டு இழுத்தது. அதற்குள் தந்தையின் சிறுநீரகமும் பழுதாகி, மூன்றாவது ஒன்று பொருத்தவேண்டியதாயிற்று.

டிராமடால் மேல் முதலில் கையை ஓங்கியது சைக்கிள் பந்தயம். அது அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. தலைச்சுற்றலும் தூக்கமும் தரும். நெருக்கியடித்து விரையும் கூட்டத்தில் ஒருவர் தடுமாறினால் பத்துப் பேர் விழுவார்கள். 2019 மார்ச் முதல் போட்டி நாட்களில் அதற்குத் தடை. 2022 டூர் டி பிரான்ஸில் ஆறாவதாக வந்த கொலம்பியாவின் நைரோ கின்டானா அந்த விதியின்படி இடத்தை இழந்தார். தான் அதை உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார், மேல்முறையீடும் தோற்றது.

உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2024 ஜனவரி 1 முதல் எல்லா விளையாட்டுகளுக்கும் டிராமடாலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் போட்டி நேரத்துக்கு மட்டும். இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் இல்லை.