பசை என்று எண்ணப்பட்ட உயிரணு

நம் இல்லங்களில் உப்பு மிக எளிய பொருள். அதில் சேர்க்கப்படும் சிறிதளவு அயோடினுக்கும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் உள்ள உறவை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுறவின் ஒரு கண்ணியை விளக்கிய பெருமையில் இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா மாநகருக்கும் பங்குண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மூளையில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. செய்தியைக் கடத்துவன நியூரான்கள். அவற்றைச் சூழ்ந்து நிற்பன கிளையா அணுக்கள். 1850-களில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இச்சூழ்பொருளுக்குப் பெயரிட்டபோது, நரம்புகளை ஒட்டி வைக்கும் பசை என்றே கருதினார். கிளையா என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளும் பசையே. அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

மாறுதல் வேறொரு வழியாக வந்தது. 1952-இல் ரீட்டா லெவி-மொண்டல்சினி என்னும் இத்தாலிய அம்மையார், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில் ஓர் ஆய்வு நடத்தினார். கோழிக்கருவின் நரம்புத்திரளுக்கு அருகே சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை வைத்தார். ஒரு நாளைக்குள், கதிரவனிலிருந்து கதிர் பரவுவது போல் நரம்பு நார்கள் முளைத்துப் பரவின. கட்டியிலிருந்து கசிந்த ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என அவர் தெளிந்தார். ஸ்டான்லி கோஹென் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி. இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய பொருள்களை மூளைக்குள் வழங்குவோர் யாவர்? 1993-இல் கிளையா அணுக்களின் வளர்ப்பிலிருந்தே ஒரு காரணி பிரித்தெடுக்கப்பட்டது. அது டோபமின் சுரக்கும் நியூரான்களைக் காப்பதாக அறியப்பட்டது. வழங்குதல் ஒருபக்கத்ததன்று. நியூரான்கள் சுரக்கும் காரணிகளால் நரம்புறை புனையும் கிளையாவின் இளம் அணுக்கள் பெருகுகின்றன. நம் ஊர்களில் இல்லத்துக்கு இல்லம் மொய் எழுதித் திருப்பிச் செய்வது போன்ற கொடுக்கல் வாங்கல் இது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். உணவில் அயோடின் குறைந்தால் தைராய்டுச் சுரப்பு குறையும்; முன்கழுத்துக் கழலை தோன்றும். தாய்க்குக் கடுங்குறை நேர்ந்தால், குழந்தை அறிவு குன்றியோ, செவிடும் ஊமையுமாகவோ பிறத்தல் கூடும். இமயமலைச் சாரலில் இத்துயர் மிகுந்திருந்தது. டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் சேர்த்த உப்பை வழங்கி ஆராய்ந்தனர். கழலை குறைந்தது. 1962-இல் அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

உப்பு கழலையைக் குறைப்பதை மருத்துவர் கண்டனர். ஆனால் தைராய்டுச் சுரப்பு மூளைக்குள் எவ்வாறு தொழிற்படுகிறது? இக்கேள்வியைக் கல்கத்தாவின் யாதவ்பூரிலுள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தார் எடுத்துக்கொண்டனர். 1935-இல் தோன்றிய அந்நிறுவனம் இப்பெயரை 1982-இல் பெற்றது. அங்கு 1990-களில் எலிக்குஞ்சின் மூளையிலிருந்து விண்மீன் வடிவக் கிளையா அணுக்களை எடுத்து வளர்த்தனர். தைராய்டுச் சுரப்பு இல்லாத ஊட்டத்தில் அவை தட்டையாகவே கிடந்தன. சுரப்பைச் சேர்த்தபின் கிளைகள் விட்டு விண்மீன் வடிவம் பெற்று முதிர்ந்தன. ஆகவே அச்சுரப்பு நியூரானை மட்டுமன்றி, அதன் துணையணுவையும் வளர்க்கின்றது என்பது புலனாயிற்று.

அதே காலத்தில் ரியோ டி ஜெனிரோ ஆய்வாளர் மற்றொரு கண்ணியைச் சேர்த்தனர். தைராய்டுச் சுரப்பு பெற்ற விண்மீன் அணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, சிறுமூளையின் நியூரான்களைப் பெருகச் செய்வதை அவர்கள் காட்டினர். இவ்விரு முடிவுகளையும் இணைத்து நோக்கினால், உப்பிலிருந்து சுரப்புக்கும், சுரப்பிலிருந்து கிளையாவுக்கும், கிளையாவிலிருந்து நியூரானுக்கும் செல்லும் ஒரு வழி நமக்குத் தெரிகின்றது. சுரப்பு செல்லும் வழி இஃதொன்றே அன்று. எனினும் நெடுநாள் பசை என ஒதுக்கப்பட்ட அணுவின் தகுதியை இது உணர்த்துகின்றது.

இவ்வழியின் முதற்படி ஆய்வுக்கூடத்தில் இல்லை. நம் அடுக்களையில் இருக்கின்றது. கருவுற்ற தாய்க்கு அயோடின் தேவை மிகுதி. ஆதலால் அயோடின் சேர்த்த உப்பையே வாங்குவோம். வெயிலும் ஈரமும் படாமல் மூடி வைப்போம்.