திரு இருதயமும் தூய இருதயமும்

மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் 1972 டிசம்பர் 18-ஆம் நாள் உருவானது. அதன் பேராலயம் ஜொகூர் பாருவில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் அதைத் திரு இருதயப் பேராலயம் என்கிறோம். மலாயில் அதன் பெயர் ஹாத்தி குடுஸ், சீனத்தில் ஷெங் சின். ஹாத்தி, சின், இருதயம் மூன்றும் உள்ளத்தைச் சொல்பவைதாம். ஆனாலும் வேதத்தில் இந்தப் பெயருக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், மற்ற இரு மொழிக்காரருக்கும் எளிதில் கிடைக்கும் வழி தமிழ் வாசகருக்குக் கிடைப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல். இருதயம் வடமொழி ஹ்ருதயம். தமிழில் ஹகரம் இல்லை, அது உதிர்ந்துவிடும். ஹரன் அரன் ஆனதும் இப்படித்தான். அடுத்து நிற்பது வடமொழியின் ஏழாம் உயிர். அது தமிழுக்கு வரும்போது ‘இ’ என்றோ ‘இரு’ என்றோ மாறும் என்று நன்னூல் பதவியலில் பவணந்தியார் விதி சொல்கிறார். ‘இ’ ஆனால் இதயம், ‘இரு’ ஆனால் இருதயம். இதயம் சரி, இருதயம் கொச்சை என்று சிலர் திருத்துவதைக் கேட்டிருக்கிறேன். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. பின்னாளில் வழக்கு அவற்றைப் பிரித்துக்கொண்டது. இதயம் மருத்துவமனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் போயிற்று. இருதயம் கோயிலில் தங்கியது. இருதயராஜ், இருதயசாமி, இருதயமேரி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தோம். அங்கே இதயத்தை வைப்பவர் அரிது.

ஹ்ருத் என்ற அந்த வடமொழி வேருக்கு மேற்கே உறவினர் உண்டு. இலத்தீனில் கோர், கிரேக்கத்தில் கார்தியா. முதல் எழுத்தின் ஒலி மாற்றம் வழக்கமான விதிக்குள் அடங்காவிட்டாலும் மூன்றும் ஒரே குடும்பம் என்பதே மொழிநூலாரின் பொதுக் கருத்து. ஆகவே மத்தேயு நற்செய்தியின் கிரேக்கத்தில் கார்தியா என்று இருந்ததைப் பழைய தமிழ் வேதாகமம் இருதயம் என்று எழுதியபோது, தூரத்து உறவுக்காரச் சொல்லையே அது கையில் எடுத்தது.

அந்த இடம் மத்தேயு 5:8, மலைப்பொழிவின் ஆறாம் பேறு. உள்ளம் தூய்மையானவர்கள் இறைவனைக் காண்பார்கள் என்பது அதன் சாரம். பார்ப்பது கண்ணின் வேலை. இயேசு அதைக் கார்தியாவுக்குக் கொடுக்கிறார். எபிரேயர் வழக்கில் இது புதிதல்ல. அவர்களுடைய லேவ், அதாவது இருதயம், அழுவதற்கும் ஆசைப்படுவதற்கும் மட்டும் உரிய இடமல்ல. சிந்திப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான். சாலொமோன் ஆண்டவரிடம் கேட்டது, எபிரேயத்தில் சொன்னபடி சொன்னால், கேட்கும் இருதயம். கேட்கிற இருதயம் பார்க்காதா?

தூய்மை என்று நாம் படிப்பது கிரேக்கத்தில் கதாரோஸ். பதர் நீங்கிய தானியத்துக்கும் துவைத்த துணிக்கும் சொன்ன சொல் அது. ஆண்டவருடைய உடலை அரிமத்தியா ஊர் யோசேப்பு சுற்றிய துப்பட்டியை மத்தேயு இதே சொல்லால்தான் சிறப்பிக்கிறார் (27:59). பரிசேயரிடம் இயேசு கிண்ணத்தின் உட்புறத்தை முதலில் சுத்தமாக்கச் சொல்லும் இடத்திலும் (23:26) இதே சொல் வருகிறது. ஆறாம் பேற்றுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. வெளியே துலக்கிய கிண்ணத்தை எல்லாரும் பார்க்கலாம். உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்பது குடிப்பவனுக்குத்தான் தெரியும். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர ஆயர் கிரகோரியார் இந்தப் பேற்றுக்கு ஒரு மறையுரை தந்தார். துரு நீக்கிய இரும்பு வெயிலில் மின்னுவதுபோல, அழுக்கு நீங்கிய உள்ளத்தில் இறைச்சாயல் தெரியும் என்பது அவர் விளக்கம். இறைவன் வெளியே எங்கோ வந்து நிற்பதாக அவர் சொல்லவில்லை. மனிதன் இறைவனைத் தன்னுள்ளேயே காண்கிறான் என்றார்.

இனி, பேராலயத்தின் பெயருக்கு வருவோம். அது மனிதருடைய இருதயமல்ல, இயேசுவினுடையது. பிரான்சில் பரே-லெ-மோனியால் மடத்தில் மார்கரீத் மரியா அலக்கோக் என்ற துறவி 1673 முதல் 1675 வரை பெற்ற காட்சிகளால் இந்தப் பக்தி பரவியது. 1856-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் திரு இருதய விழாவை உலகத் திருச்சபை முழுவதற்கும் ஆக்கினார். நம் வீடுகளில் தொங்கும் படம், நெருப்பும் முள்முடியும் சூழ்ந்த இருதயத்தோடு ஆண்டவர் நிற்பது, ரோம் ஜேசு ஆலயத்தில் உள்ள பொம்பேயோ பத்தோனியின் 1767-ஆம் ஆண்டு ஓவியத்தின் வழிவந்தது. 1894-இல் தமிழ்நாட்டின் இடைக்காட்டூரில் எழுந்த கோயிலுக்கும், 1907-இல் நேர்ந்தளிக்கப்பட்ட புதுச்சேரிக் கோயிலுக்கும் இதே பெயர். புதுச்சேரியில் உழைத்த பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தார்தான் மலாயாவிலும் உழைத்தார்கள்.

இத்தனை பெரிய பெயருக்கு நற்செய்தியில் ஆதாரம் எது? ஈட்டி துளைத்ததை யோவான் எழுதும்போது விலா என்றுதான் எழுதுகிறார். தம் இருதயத்தைப் பற்றி இயேசுவே வாய்திறந்து சொல்வது நான்கு நற்செய்திகளிலும் ஒரே இடத்தில்தான்: மத்தேயு 11:29. சுமை சுமந்து களைத்தவர்களை அழைத்துவிட்டு, தாம் சாந்தமும் கார்தியாவில் தாழ்மையும் உள்ளவர் என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் இறைவனைக் காணும் இருதயத்துக்கு என்ன சொல்லோ, அதே சொல் இங்கே அவருடைய இருதயத்துக்கும்.

தமிழில் இதைத் தேடிப் பாருங்கள். பழைய வேதாகமம் 5:8-இல் இருதயம் என்கிறது. 11:29-இல் மனத்தாழ்மை என்று போய்விடுகிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் 5:8-இல் உள்ளம் என்கிறது. 11:29-இல் அங்கேயும் மனத்தாழ்மை. மனத்தாழ்மை அழகான சொல், குறை சொல்வதற்கில்லை. மனத்தில் மாசின்றி இருப்பதே அறம் என்று வள்ளுவரிடம் கற்ற நமக்கு மனம் என்பது கைக்கு முதலில் வரும் சொல். ஆனால் அந்த இடத்தில் இருதயம் மறைந்துபோனதால், கோயிலின் பெயர் ஒரு பக்கமும் ஆறாம் பேறு இன்னொரு பக்கமும் நின்றுவிட்டன.

மலாய் வாசகருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு 5:8-இல் சுச்சி ஹாத்தி, 11:29-இல் ரெண்டா ஹாத்தி, கோயில் வாசலில் ஹாத்தி குடுஸ். சீனத்திலும் மூன்று இடத்திலும் சின் நிற்கிறது. இத்தனைக்கும் உடம்பில் ஹாத்தி என்பது ஈரல். ஜொகூர்ச் சந்தையில் ஹாத்தி ஆயாம் கேட்டால் கோழி ஈரல்தான் தருவார்கள். துடிக்கும் உறுப்புக்குப் பெயர் ஜந்தோங். வாழைப்பூவைக்கூட அதன் வடிவத்தால் ஜந்தோங் பீசாங் என்பார்கள். உறுப்பைச் சொல்லும் சொல் தனியாக இருப்பதால், ஹாத்தி என்றதும் மலாய்க் காதுக்கு உள்ளம் கேட்கிறது. நமக்கோ இருதயம் என்றதும் முதலில் இரத்தக்குழாய் அடைப்பு நினைவுக்கு வருகிறது. 2024 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் திரு இருதயத்தைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலும் கார்தியா என்ற சொல்லின் பொருளை விளக்கித்தான் தொடங்குகிறது. சொல் சுருங்கினால் பக்தியும் படத்தோடு நின்றுவிடும் என்ற கவலை அதில் தெரிகிறது. எனக்கும் அந்தக் கவலை உண்டு.

திரு இருதயப் பெருவிழாவுக்கு முதல் ஆண்டு வாசகச் சுழற்சியில் வரும் நற்செய்தி மத்தேயு 11:25 முதல் 30 வரை. அன்று தமிழ்த் திருப்பலியில் மறையுரை ஆற்றும் குருக்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மனத்தாழ்மை என்று வாசித்தபின், அங்கே மூலத்தில் இருப்பது இருதயம் என்று ஒரு வரி சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஐந்தாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்.